யாரும் எடுக்காத முடிவு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

யாங்கோனின் பேயின்னவுங் சந்தையில் எங்களுக்குப் பயறு கமிஷன் கடை. அப்பா தொடங்கியது, இப்போது நானும் கூட இருக்கிறேன். இரண்டு வருடமாகக் கடையை மாற்றப் பார்க்கிறேன், நடக்கவில்லை. கம்ப்யூட்டர் கணக்கு கொண்டுவந்தேன். எங்கள் கணக்கர் ஐயா அதில் ஏற்றிவிட்டு, அதையே தன் நோட்டிலும் எழுதுகிறார். மூட்டை எடை பார்க்கும் பையன்களை போனில் பதியச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றால் பதிகிறார்கள். அப்பா “அவசரப்படாதே” என்பதோடு சரி. மாற்றத்துக்கு எட்டுப் படிகள் என்று படித்ததை வைத்து ஒரு திட்டம் போட்டேன். பத்தில் ஏழு மாற்றங்கள் தோற்றுப்போகும் என்றும் அங்கேயே படித்தேன், பயமாக இருக்கிறது. 2017-ல் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு போட்டபோது தேங்கிய சரக்கை நாங்களே வாங்கிப் போட்டோம், அதிலிருந்து சொந்தச் சரக்கு வைப்பதும் பழக்கமாகிவிட்டதால் வேலையும் கூடிவிட்டது. வெளியிலிருந்து ஒரு மேனேஜரை வைத்தால் சரியாகுமா? பழைய ஆட்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

(பெயர் வேண்டாம்), யாங்கோன்

அன்புள்ள தம்பி,

கணக்கர் ஐயாவைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் 2017-ஐ ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் நின்றது.

கமிஷன் கடையில் சரக்கு அடுத்தவருடையது. விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்குத் தரகு உண்டு. சரக்கைச் சொந்தப் பணத்தில் வாங்கி கோடவுனில் அடுக்கிய அன்று நீங்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டீர்கள். அந்த ஆகஸ்டில் துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று டில்லி வரம்பு கட்டியது. இங்கே விலை சரிந்தது. தேங்கிய சரக்கை அப்பா எடுத்துக்கொண்டது அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த வருடமும் வாங்கலாமா, எவ்வளவு, யார் பணத்தில், எந்த விலை வந்தால் விற்றுவிடுவது என்று யாராவது உட்கார்ந்து பேசினீர்களா? “பழக்கமாகிவிட்டது” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதே ஊரில் இதைவிடப் பெரிய அளவில் இது நடந்திருக்கிறது. 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கு மேல் செட்டியார் லேவாதேவிக் கடைகள் இருந்தன, வட்டிக்குக் கடன் கொடுப்பவை. முதலாளி செட்டிநாட்டில், கடையை நடத்துபவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவார், புதியவர் வந்து உட்காருவார். பேரேடும் ஐந்தொகையும் (சொத்து, கடன் இருப்புக் கணக்கு) எல்லாக் கடையிலும் ஒரே முறையில் எழுதப்பட்டதால், கைமாறியது கடன்காரருக்கு உறைத்திருக்காது. நடப்பு வட்டியை ரங்கூன் மொகல் தெருவில் மாதாமாதம் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள். ஆள் மாறுவது, வட்டி மாறுவது, கிளை திறப்பது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் முறை இருந்தது. இன்றைய எந்த ஆலோசகரும் அவர்களுக்கு அதில் பாடம் எடுக்க முடியாது என்பது என் எண்ணம்.

பிறகு உலக மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயியிடம் பணம் இல்லை, நிலம்தான் இருந்தது. செட்டியார்களுக்கு நிலத்தில் ஆசை கிடையாது. நிலத்தில் முடங்கிய பணம் வட்டி ஈட்டாது, கேட்டபோது கையில் வராது. இருந்தும் ஒவ்வொரு மேலாளும் தன் முன்னால் இருந்த ஒரு கடனுக்கு ஒரு முடிவெடுத்தார்: கிடைப்பதை எழுதி வாங்கிக்கொள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான முடிவுகள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நிலத்தில் 6 சதவீதம் அவர்கள் கையில் இருந்தது, 1937-ல் 25 சதவீதம். லேவாதேவிக்காரர்கள் நிலச்சுவான்தார்கள் ஆகிவிட்டார்கள், ‘ஆவோம்’ என்று எந்தக் கிட்டங்கியிலும் (அவர்கள் கடைகள் சேர்ந்திருந்த கட்டிடம்) யாரும் தீர்மானம் போடாமலே. அதற்கான ஆளோ கணக்கோ உள்ளூர்ச் செல்வாக்கோ அவர்களிடம் இல்லை. பர்மியர் கண்ணில் வட்டிக்காரர் என்ற பெயரோடு நிலத்தைப் பிடுங்கியவர் என்ற பெயரும் சேர்ந்தது. 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. யுத்தமும் அரசியலும் எப்படியும் வந்திருக்கும், அதை அவர்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் தாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்பது மாறிய பிறகும் பேரேடு பழைய தொழிலுக்குத்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

இனி கணக்கர் ஐயாவின் நோட்டு. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தீர்களா? என் ஊகம், உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாத ஏதோ அதில் இருக்கிறது: எந்த மூட்டை கமிஷனுக்கு வந்தது, எந்த மூட்டை சொந்தம், மோனிவா ஊர் வியாபாரிக்கு எவ்வளவு வரை நம்பிக் கொடுக்கலாம். கமிஷன் கடைக்கென்று வாங்கிய கணக்கு முறையில் சொந்தச் சரக்குக்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, உங்கள் கடையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் காச், ஜான் பிரெஞ்ச் இருவரும் செய்து 1948-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலை முறையை மாற்றியபோது ஒரு குழுவுக்கு முடிவை மட்டும் அறிவித்தார்கள். உற்பத்தி விழுந்து எழவே இல்லை, முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். புதிய முறையை வகுப்பதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட குழுக்கள் சீக்கிரம் தேறி, பழைய அளவையும் தாண்டின, ஒருவர்கூட வேலையை விடவில்லை. சின்ன ஆய்வுதான், குழுக்களும் சிறியவை. ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்றால் மட்டும் பதியும் பையன்கள் முதல் குழு. போனில் எதைப் பதிய வேண்டும் என்று அவர்களிடம் கேட்டிருந்தால், சாக்கு எடைக் கழிவை எங்கே போடுவது என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள்.

எட்டுப் படி தப்பில்லை, ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு உதவும். உங்கள் கடையில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். அந்தப் பத்தில் ஏழு கணக்கை மறந்துவிடுங்கள். மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 2011-ல் அதன் மூலத்தைத் தேடிப் போய், நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதினார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்துப் போட்டே வளர்ந்த எண் அது. ஆலோசனைக் கட்டணம் வாங்குபவர்களுக்கு அது ரொம்ப சௌகரியம்.

மேனேஜர் இப்போது வேண்டாம். கமிஷன் கடையை நடத்தவா, சரக்கு வியாபாரத்தை நடத்தவா என்று அவர் முதல் நாளே கேட்பார், உங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதில் அப்பாவிடம் இருக்கிறது. “அவசரப்படாதே” என்று அவர் சொல்வது கம்ப்யூட்டரைப் பற்றித்தானா என்று எனக்குச் சந்தேகம். தன் பணம் கோடவுனில் கிடப்பது அவருக்குத் தெரியாதா என்ன.

2021-ல் இந்தியா மியான்மருடன் போட்ட இறக்குமதி ஒப்பந்தப்படி வருடத்துக்கு உளுந்து இரண்டரை லட்சம் டன், துவரை ஒரு லட்சம் டன், அதுவும் 2025-26 வரை என்றுதான் கையெழுத்தானது. டில்லியிலிருந்து வரும் ஒரு அறிவிப்பில் உங்கள் கோடவுன் சரக்கின் விலை மாறும், தரகு அந்த அளவு ஆடாது. ஆகவே சொந்தச் சரக்கு வைப்பதானால் இத்தனை மூட்டைக்கு மேல் இல்லை, இந்த விலைக்குக் கீழே போனால் காத்திருப்பதில்லை என்று எழுதி, அப்பாவும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். கமிஷன் கணக்கும் சொந்தக் கணக்கும் தனித்தனியாக ஓடட்டும். ஒரு பருவம் முழுக்க நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே நடக்கட்டும், எது நிற்கலாம் என்பதைக் கணக்கர் ஐயா சொல்லட்டும். கீழ்ப் பர்மா உளுந்து பிப்ரவரியில் வரத் தொடங்கிவிடும், அதற்குள் பேசிவிட்டால் நல்லது.