ஆஃப் செய்தாலும் நிற்காத கார்: வாங்கலாமா?

கேள்வி: 1996 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்தோம், கார்பரேட்டர் வண்டி. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை ஆஃப் செய்தால், நாலைந்து விநாடி தடதடவென்று குலுங்கிவிட்டுத்தான் எஞ்சின் நிற்கிறது. "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அதற்காக வண்டியையே ஒதுக்கவும் வேண்டாம்.

சாவியை ஆஃப் செய்தால் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் மின்சாரம்தான் நிற்கும். சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்பரேட்டர் வழியாக இன்னும் பெட்ரோலை உறிஞ்சும். உள்ளே படிந்த கரி சூட்டில் கனன்றுகொண்டிருந்தால், பொறி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைப் பீய்ச்சித் தரும்) வண்டிகளில் சாவியோடு பெட்ரோலும் நின்றுவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகத்தைக் கவனியுங்கள். சும்மா நின்றால் அணைந்துபோகிற எஞ்சினை மறைக்க, விற்பவர்கள் அதை ஏற்றி வைப்பதுண்டு. மெக்கானிக்கைக் கொண்டு சரியான அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். அதிலேயே தடதடப்பு போய்விட்டால் செலவே இல்லை, ஆனால் இறக்கிய பிறகும் எஞ்சின் சீராக ஓட வேண்டும். அடுத்து, சில கார்பரேட்டர்களில் சாவியை ஆஃப் செய்ததும் பெட்ரோல் வழியை அடைக்கும் சோலனாய்டு என்ற மின்சார வால்வு உண்டு. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு எடுத்தால் 'டிக்' என்று கேட்க வேண்டும். தவறான பிளக், தவறான டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), ரேடியேட்டர் அடைப்பால் ஏறும் சூடு, இவையும் காரணமாகலாம். எல்லாம் சரிசெய்யக்கூடியவைதான்.

பயப்பட வேண்டியது புகைக்கு. சைலன்சரில் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, கரி அங்கிருந்துதான் வருகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங், வால்வு சீல் என்று எஞ்சினைப் பிரிக்கும் வேலை அது. அந்தச் செலவை விலையில் குறைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

குலுங்காமல் சீராக ஓடிக்கொண்டே இருந்தால் கதை வேறு: ஸ்பார்க் இன்னும் வருகிறது, சாவி சுவிட்சையோ வயரிங்கையோ பாருங்கள். (எஞ்சின் நின்றபின் ரேடியேட்டர் ஃபேன் மட்டும் ஓடுவது பல வண்டிகளில் இயல்பு.)

இன்னொரு முறை பார்க்கப் போகும்போது அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றியபின் ஆஃப் செய்யுங்கள், குளிர்ந்த எஞ்சின் இதைக் காட்டாது. நிற்காவிட்டால் பிரேக்கை அழுத்தி, நாலாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். நின்றுவிடும்.