அக்னிவீர்னா என்ன, நாலு வருஷம் கழிச்சு என்ன ஆகும்?

அக்னிவீர்னா ராணுவத்துல நாலு வருஷத்துக்கு மட்டும் சேர்ற சிப்பாய், 2022 ஜூன்ல அறிவிச்ச அக்னிபத் திட்டம் இது, பதினேழரை வயசு ஆனாலே அப்ளை பண்ணலாம். நாலு வருஷம் முடிஞ்சதும் ஒவ்வொரு பேட்ச்லயும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் ரெகுலரா எடுப்பாங்க, மத்தவங்க கிளம்பிடணும், பென்ஷன் கிடையாது. ஏன் இப்படி? படையோட சராசரி வயசை 4-5 வருஷம் குறைக்கணும்னு அரசு சொல்லுச்சு, பென்ஷன் செலவு ஏறிட்டே போனதும் பெரிய காரணம்னுதான் எனக்குத் தோணுது. சம்பளம் முதல் வருஷம் மாசம் 30,000, நாலாவது வருஷம் 40,000, அதுல 30 சதவீதம் பிடிச்சுக்கிட்டு அரசும் அதே அளவு போடும், கம்பெனி பிஎஃப் மாதிரின்னு வெச்சுக்கோங்க. வெளிய வரும்போது வட்டியோட சுமார் 11.71 லட்சம் கைக்கு வரும், இது மொத்தமும் அரசு சும்மா தர்றதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லீங்க, பாதி அவங்க சம்பளத்துல பிடிச்ச காசுதான்.