ஆஸ்திரேலியாவில் 485 விசா முடிய 13 மாதம்: 189-க்குக் காத்திருப்பதா, ஸ்பான்சர் தேடுவதா?

கேள்வி: வயது 31, திருமணம் ஆகவில்லை. இந்தியாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து 4 ஆண்டு சாஃப்ட்வேர் வேலை பார்த்தேன். பிறகு மெல்போர்னில் 2 ஆண்டு மாஸ்டர்ஸ் ஐ.டி. படித்தேன். இப்போது 485 விசாவில் (இங்கே படிப்பு முடித்தவர்களுக்கான தற்காலிக விசா) 14 மாதமாக முழுநேர சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வேலை. ஐ.இ.எல்.டி.எஸ். நான்கு பிரிவிலும் 7. என் கணக்கில் 80 புள்ளி வருகிறது. ஸ்பான்சர் தேவைப்படாத, புள்ளி அடிப்படையிலான நிரந்தர விசாவான 189-க்குக் காத்திருக்கலாமா? கிடைக்காவிட்டால் மறுபடி ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறலாமா?

பதில்: உங்களுக்கு இருப்பது 80 இல்லை, 75. வயதுக்கு 30, ஆங்கிலத்துக்கு 10, பட்டத்துக்கு 15, ஆஸ்திரேலியப் படிப்புக்கு 5, தனிநபர் என்பதற்கு 10, ஆஸ்திரேலிய வேலைக்கு 5. இதுவரை சரி. இந்திய அனுபவத்துக்கு நீங்கள் போட்ட 5 நிற்காது. வெளிநாட்டு அனுபவத்துக்கு 5 புள்ளி வேண்டுமென்றால் 3 ஆண்டு தேவை. உங்களிடம் 4 இருந்தாலும், விண்ணப்பிப்பவரின் ஐ.டி. படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிடும் ஏ.சி.எஸ். அமைப்பு, தொழிலோடு நெருங்கிய பட்டம் உள்ளவர்களுக்குப் பொதுவாக முதல் 2 ஆண்டைத் தகுதிக்காகக் கழித்துக்கொள்கிறது. மிச்சம் 2 ஆண்டு, அதற்குப் புள்ளி கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியப் பட்டத்தையும் இந்திய அனுபவத்தையும் வைத்து மதிப்பீடு வாங்கினால், கழிவு அங்கேயே முடிந்துவிடும். இங்கே பார்த்த வேலை முழுதும் புள்ளிக்கு வரும். ஆஸ்திரேலியப் பட்டத்தை மட்டும் வைத்து, படிப்புக்குப் பிந்தைய வேலையைக் காட்டி மதிப்பீடு வாங்கினால், இங்கே பார்த்த முதல் ஆண்டே கழிந்துபோகும். இருக்கும் 5-உம் போய்விடும். உங்களுக்கு முதல் வழிதான் சரி.

அதற்கு அனுபவக் கடிதம் ஒழுங்காக இருக்க வேண்டும். பதவியும் தேதியும் மட்டும் போட்டு ஹெச்.ஆர். தரும் ரிலீவிங் லெட்டர் போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா என்பது, என்னென்ன வேலை செய்தீர்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். பே ஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்குவதுதான் பெரும்பாலும் இழுக்கும் வேலை. இன்றே மெயில் போடுங்கள்.

இ.ஓ.ஐ. (விசா அழைப்புக்கு வரிசையில் நிற்கப் போடும் விருப்பப் பதிவு) நிரப்பும்போது இந்திய வேலையை இரண்டு வரியாகப் பிரியுங்கள். கழிக்கப்பட்ட 2 ஆண்டுக்கு 'தொழிலோடு தொடர்புடையதா' என்ற இடத்தில் 'இல்லை', மிச்சத்துக்கு 'ஆம்'. இப்போதைய வேலைக்கு முடிவு தேதி போடாதீர்கள், புள்ளி தானாக ஏறும். ஆனால் வேலையை விட்டால் அன்றே திருத்திவிடுங்கள். புள்ளியைக் கூட்டிக் காட்டி அழைப்பு வாங்கி, விண்ணப்பத்தில் அதை நிரூபிக்க முடியாவிட்டால் விசா மறுக்கப்படும். கட்டிய கட்டணமும் திரும்ப வராது.

65 புள்ளி என்பது வரிசையில் நிற்கும் தகுதி மட்டுமே. ஐ.டி. தொழில்களில் 75-ஐ வைத்து 189 அழைப்பை நம்பி உட்கார வேண்டாம். ஏற்ற முடிந்த இடங்கள் இரண்டு. ஆங்கிலத்தில் எல்லாப் பிரிவிலும் 8 எடுத்தால் 10 கூடும். ஐ.இ.எல்.டி.எஸ்.-க்குப் பதிலாக பி.டி.இ. ஆங்கிலத் தேர்வு எழுதுவதாக இருந்தால் கவனம்: 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் தேர்வுகளுக்கு 'எல்லாவற்றிலும் 79' என்ற பழைய கணக்கு இல்லை. எழுத்துக்கும் பேச்சுக்கும் கூடுதல் மதிப்பெண் தேவை. அடுத்தது நாட்டி சி.சி.எல்., ஆங்கிலத்துக்கும் இன்னொரு மொழிக்கும் இடையே பேச்சை மொழிபெயர்க்கும் தேர்வு, இதற்கு 5. தமிழிலேயே எழுதலாம். இரண்டு உரையாடல்கள், மொத்தம் 90-க்கு 63 வேண்டும், ஒவ்வொன்றிலும் 45-க்கு 29-ஆவது வர வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்ற தைரியத்தில் பயிற்சியில்லாமல் போகிறவர்கள், தேதி, தொகை, நிபந்தனை போன்ற துணுக்குகளை விட்டுவிட்டுத்தான் மதிப்பெண் இழக்கிறார்கள். குறிப்பெடுக்கப் பழகுங்கள். இரண்டும் கைகூடினால் 90. இதை 33-ஆவது பிறந்தநாளுக்கு முன் முடியுங்கள். அதற்குப் பிறகு வரும் அழைப்புக்கு வயதுப் புள்ளி 30-இலிருந்து 25 ஆகிவிடும்.

மாநிலம் பரிந்துரைக்கும் விசாக்களும் உண்டு: நிரந்தர விசாவான 190-இல் பரிந்துரைக்கு 5 புள்ளி, தற்காலிக விசாவான 491-இல் 15. விக்டோரியாவில் இ.ஓ.ஐ. மட்டும் போதாது, மாநிலத்தின் தளத்தில் தனியாக ஆர்.ஓ.ஐ. என்ற விருப்பப் பதிவும் போட வேண்டும். 491 ஐந்தாண்டு விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளில் வசிக்க வேண்டும். அடிலெய்டும் பெர்த்தும் அந்தப் பகுதிகளில் சேர்த்திதான். மூன்றாண்டுக்குப் பின் 191 விசா வழியாக பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை). அதுவரை 189, 190, 186 (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் நிரந்தர விசா) பக்கம் போக முடியாது என்பதை யோசித்து எடுங்கள்.

இவ்வளவும் நடக்கும்போதே ஸ்பான்சர் பேச்சைத் தொடங்குங்கள். நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவான 482-க்கு உங்கள் தொழிலில் கடந்த 5 ஆண்டில் ஓராண்டு முழுநேர அனுபவம் போதும், அது உங்களிடம் இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம், சூப்பர் (ஓய்வூதியச் சேமிப்பு) சேர்க்காமல், 76,515 டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் ஏறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள தொகையைப் பாருங்கள். நிறுவனம் ஸ்பான்சராக அங்கீகாரம் பெற்று, 4 வாரம் விளம்பரம் செய்து, நாமினேஷன் (அந்த வேலைக்கு உங்களை முன்மொழியும் விண்ணப்பம்) போட வேண்டும். ஆகவே கடைசி மாதத்தில் கேட்டால் நேரம் இருக்காது. விசா முடிய 8 மாதம் இருக்கும்போதாவது மேனேஜரிடம் பேசிவிடுங்கள். பயிற்சி நிதிக்கான லெவியை நிறுவனம்தான் கட்ட வேண்டும், உங்களிடம் கேட்பது சட்டப்படி தவறு. ஸ்பான்சரிடம் 2 ஆண்டு வேலை செய்தபின் 186 வழியாக பி.ஆர். கேட்கலாம்.

ஸ்டூடன்ட் விசா யோசனையைக் கைவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் 485-இல் இருப்பவர்கள் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி அதற்கு விண்ணப்பிக்க முடியாது. இ.ஓ.ஐ. போட்டிருப்பதாலும் பிரிட்ஜிங் விசா (விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை தங்கவிடும் இடைக்கால விசா) வராது. 485 முடியும் நாளுக்குள் அழைப்பு வந்து அதற்கான விசா விண்ணப்பமோ, 482 விண்ணப்பமோ உள்ளே போயிருந்தால்தான் தொடர்ந்து தங்கி வேலை பார்க்க முடியும்.