ஹார்டென்ஸின் அப்பா யார்?

அன்புள்ள ஐயா,

மைக் லீ இயக்கிய 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படத்தை நீங்கள் சொல்லித்தான் பார்த்தேன். பல இடங்களில் அழுதுவிட்டேன். ஆனால் ஒரு குறை. இளைய மகள் ராக்ஸானின் அப்பா யாரென்று கடைசியில் சிந்தியா சொல்லிவிடுகிறாள். மூத்தவள் ஹார்டென்ஸ் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிந்தியா அழுகிறாள், பதில் இல்லை. எல்லா ரகசியத்தையும் திறக்கிற படம் இதை மட்டும் ஏன் மூடி வைக்கிறது? அப்புறம், மகளின் பிறந்தநாள் விருந்தில் விஷயத்தைப் போட்டு உடைத்தது நியாயமா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: லண்டனில் கண் பரிசோதகராக இருக்கும் ஹார்டென்ஸ் ஒரு கறுப்பினப் பெண். வளர்ப்பு அம்மா இறந்தபின் பெற்றவளைத் தேடுகிறாள். கிடைப்பவள் சிந்தியா, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரி. சின்ன வயதில் பெற்று, முகத்தைக்கூடப் பார்க்காமல் தத்துக் கொடுத்த பிள்ளை இது.

விருந்தில் சொன்னது நியாயமில்லைதான். அன்று ராக்ஸானுக்கு 21 வயது நிறைகிறது. ஹார்டென்ஸைக் கூட வேலை பார்ப்பவள் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டு, அவள் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து சிந்தியா வாயை விட்டுவிடுகிறாள். ஆனால் ஏன் சொல்கிறாள் என்று பாருங்கள். வீட்டிலிருக்கும் பெண் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தேடி வந்தவளோ படித்தவள், பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறவள். இப்படி ஒரு மகள் தனக்கு இருக்கிறாள் என்ற பெருமை சிந்தியாவுக்குத் தாங்கவில்லை. குற்றவுணர்ச்சி இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததைச் சந்தோஷம் வெளியே தள்ளிவிடுகிறது. குடும்ப ரகசியம் இப்படி உடைவதை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை.

இனி அப்பா விஷயம். அதற்கான பதில் அந்தக் காபிக் கடைக் காட்சியிலேயே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆளில்லாத கடையில் சிந்தியாவும் ஹார்டென்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழெட்டு நிமிடம் கேமரா அசைவதில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, இது சாத்தியமே இல்லை என்று சிந்தியா அடித்துச் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே வரும்போது எதுவோ ஞாபகம் வருகிறது. முகம் அப்படியே மாறுகிறது. அழுதபடி திரும்பிக்கொள்கிறாள். சிந்தியாவாக நடித்த பிரெண்டா பிளெதினின் அந்த முகத்தை இன்னொரு தடவை பாருங்கள். மறைத்தவள் முகம் அப்படி இருக்காது. அந்த நினைவு அவளுக்கே இத்தனை காலம் எட்டாமல் இருந்திருக்கிறது.

ராக்ஸானின் அப்பா ஸ்பெயினில் விடுமுறையின்போது சந்தித்த ஓர் அமெரிக்க மருத்துவ மாணவன். அதை அவளால் சொல்ல முடிகிறது, சொல்லிவிடுகிறாள். ஹார்டென்ஸின் அப்பாவைப் பற்றி முடியவில்லை. என்ன நடந்தது என்று படம் சொல்லாததால் நானும் ஊகிக்க மாட்டேன். நல்ல மனிதரா என்று மகள் கேட்கும்போது சிந்தியா படும் பாடு போதும்.

இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் வயது வந்தபின் தங்கள் பிறப்புப் பதிவைப் பார்க்க உரிமை கொடுத்தது. சிந்தியாவின் பெயர் ஹார்டென்ஸுக்குக் கிடைத்ததும் அந்த உரிமையால்தான். அப்பாவைத் தெரிந்துகொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவே இல்லை. என்றைக்காவது ஒருநாள் தாயும் மகளும் தனியாக இருக்கும்போது அது பேசப்படலாம். நமக்கு அந்த உரிமை இல்லை. மைக் லீ அந்த இடத்தில் நம்மை வெளியே நிறுத்துகிறார். நம் படமென்றால் ஒரு பிளாஷ்பேக் வைத்து அந்தப் பெண்ணை இன்னொரு தடவை கஷ்டப்படுத்தியிருப்பார்கள்.

அவர் வேலை செய்யும் முறையும் இதற்கு ஒரு காரணம். எழுதி முடித்த திரைக்கதை இல்லாமல், மாதக்கணக்கில் நடிகர்களை வைத்து ஒத்திகையிலேயே பாத்திரங்களை உருவாக்குவார். பாத்திரத்துக்குத் தெரிந்தது மட்டுமே நடிகருக்கும் தெரியும். மகளாக வரப்போகிறவர் கறுப்பினத்தவர் என்பது நேரில் சந்திக்கும்வரை பிளெதினுக்கே தெரியாது. 1996இல் கான் திரைப்பட விழாவில் படத்துக்கு அங்கே உயரிய விருதான தங்கப் பனையும் அவருக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. மரியான் ஜான்-பாப்டிஸ்டுக்கும் அங்கே ஒன்று கொடுத்திருக்க வேண்டும். ஹார்டென்ஸாக அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அது எவ்வளவு கஷ்டமான நடிப்பு!

எனக்கு உறுத்துகிற இடம் வேறு. மோனிகாவுக்குக் குழந்தை பிறக்காது என்பதை எல்லோர் முன்னாலும் சொல்வது அவள் கணவனும் சிந்தியாவின் தம்பியுமான மாரிஸ். அவன் வேதனை எனக்குப் புரிகிறது. டிமதி ஸ்பால் அதைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார். ஆனாலும் அது மோனிகாவின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. நீங்கள் மோனிகாவைப் பற்றி எழுதவே இல்லையே. உங்களுக்கு அந்த இடம் எப்படிப் பட்டது?