செம்பூருக்குக் குடிவரும் தம்பிக்கு: சிலிண்டரா, பைப் கேஸா?

கேள்வி: "அண்ணாச்சி, தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு மும்பை வருகிறோம். செம்பூரில் பார்த்திருக்கும் வாடகை வீட்டில் பைப் கேஸ் இருக்கிறதாம். ஊர் சிலிண்டர் கனெக்‌ஷனை என்ன செய்ய? வளைகுடாவில் சண்டை மூண்டால் மும்பையில் அடுப்பே எரியாது என்கிறார் மாமனார். நிஜமா?"

தம்பி, மாமனார் சொல்வதில் பாதி சரி. வளைகுடாவில் முறுக்கிக்கொண்டால் முதலில் இழுபறி ஆவது சிலிண்டர்தான். வீட்டு பைப் கேஸுக்குக் கடைசியில்தான் கை வைப்பார்கள். இரண்டும் ஒரே அரபிக்கடல் வழியாகத்தான் வருகின்றன, ஆனால் வரும் பாதை வேறு.

சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி.யில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி சவுதி, அமீரகம், கத்தார், குவைத் சரக்கு. கப்பல் ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வரவேண்டும். ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவே, குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர்தான் அகலம். கச்சா எண்ணெய்க்காவது மாற்றுவழி உண்டு: சவுதிக்குச் செங்கடல் ஓரத்து யான்பு வரை குழாய், அமீரகத்துக்கு நீரிணைக்கு வெளியே புஜைராவரை குழாய். கத்தாரின் எரிவாயுக் கப்பலுக்கு அந்த வாசலை விட்டால் வேறு வாசல் கிடையாது. இதனால்தான் 2026ஆம் ஆண்டுக்கென்று அமெரிக்காவிலிருந்து 22 லட்சம் டன் எல்.பி.ஜி. வாங்க நம் எண்ணெய் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன. அங்கிருந்து கப்பல் வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். வளைகுடாவிலிருந்து சில நாள்தான். அவசரத்துக்கு உதவாது, அடிப்படைக் கையிருப்புக்கு உதவும்.

பைப் கேஸ் கதை வேறு. அது இயற்கை வாயு. 1974இல் கண்டுபிடித்த மும்பை ஹை எண்ணெய்-எரிவாயு வயல், கரையிலிருந்து 160 கிலோமீட்டர் போல மேற்கே கடலுக்குள் இருக்கிறது. அங்கே எடுக்கும் வாயு குழாய் வழியாக மும்பைக்குப் பக்கத்து உரணில் கரையேறுகிறது. உள்நாட்டு வாயுவைப் பங்கு போடும்போது வீட்டு அடுப்புக்கும் வண்டிக்கான சி.என்.ஜி.க்கும் முன்னுரிமை என்பது அரசின் கொள்கை. பழைய வயல்கள் வற்றிவருவதால் 2024 கடைசியில் சி.என்.ஜி. பங்கைத்தான் வெட்டினார்கள், வீட்டுப் பங்கைத் தொடவில்லை. இந்த உள்நாட்டு வாயுவின் விலையும் 2023 ஏப்ரலிலிருந்து கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம் என்ற கணக்கில்தான், அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. ஆகவே கடலில் நெருப்பு பற்றினாலும் பில் ஒரே தாவாகத் தாவாது. கத்தாரிலிருந்து குஜராத்தின் தஹேஜுக்குக் கப்பலில் வரும் திரவமாக்கிய இயற்கை வாயு (ஆண்டுக்கு 75 லட்சம் டன், ஒப்பந்தத்தை 2024இல் 2048வரை நீட்டித்திருக்கிறார்கள்) நின்றால் உரம், ஓடு, கண்ணாடித் தொழிற்சாலைகள்தான் முதலில் திணறும். உங்கள் தெருமுனை மெஸ்ஸும் திணறும், அவர்கள் எரிப்பதும் ஹோர்முஸ் வழி வரும் எல்.பி.ஜி.தான், 19 கிலோ வணிகச் சிலிண்டரில். இட்லி விலை ஏறுவதைப் பார்த்தே ஹோர்முஸ் நிலவரத்தைச் சொல்லிவிடலாம்!

ஓமனிலிருந்து கடலடிக் குழாய் வரப்போகிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள். 1990களிலிருந்து பேசுகிறார்கள், 3,000 மீட்டருக்கும் கீழே குழாய் போடவேண்டும்.

இனி வேலையைப் பார்ப்போம். சிலிண்டரை ரயிலில் ஏற்றாதீர்கள், காலியானாலும் லக்கேஜில் எடுக்கமாட்டார்கள். கடைசி சிலிண்டரைத் தீர்த்துவிட்டு ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படையுங்கள், மிச்ச வாயுவுக்குப் பைசா வராது. டிரான்ஸ்ஃபர் வவுச்சரும் பழைய டெபாசிட்டும் கிடைக்கும். வவுச்சரைத் தொலைத்துவிடாதீர்கள். பிறகு பைப் இல்லாத வீட்டுக்கு மாறினால் அதைக் காட்டித்தான் இங்கே கனெக்‌ஷன் எடுக்கவேண்டும். அப்போது இன்றைய டெபாசிட்தான்: 2022 ஜூன் முதல் சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250. முன்பு 1,450 கட்டியிருந்தால் 1,450தான் திரும்பும். பைப்பையும் சிலிண்டரையும் ஒரே வீட்டில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம்.

பைப் கனெக்‌ஷன் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். பழைய குடித்தனக்காரரின் பாக்கி உங்கள் தலையில் விழும் ஊர் இது. பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. பூட்டியிருந்தால் உத்தேச பில் போட்டுவிடுவார்கள், ரீடிங்கை நீங்களே அனுப்புங்கள். 14.2 கிலோ சிலிண்டர் என்பது சுமார் 18 கனமீட்டர் வாயுவுக்குச் சமம். ஊரில் நாற்பது நாளைக்கு ஒரு சிலிண்டர் செலவானால் இரண்டு மாத பில்லில் 27 கனமீட்டர் அளவில் வரவேண்டும். 50 என்று வந்தால் சண்டைக்குப் போகலாம்.

ஊர் அடுப்பைக் கொண்டுவந்தால் ஜெட்டை (பர்னருக்கு வாயு விடும் சிறு துளை மூக்கு) மாற்றாமல் பைப்பில் மாட்டாதீர்கள். இயற்கை வாயுவில் கனஅளவுக்கு எல்.பி.ஜி.யின் பாதிச் சூடுகூட இல்லை. அழுத்தமும் குறைவு, 30 மில்லிபாருக்குப் பதில் 21. சிறிய துளை ஜெட்டில் தீ மினுக்மினுக்கென்று எரியும், தோசை வேகாது. மாற்றிய அடுப்பைப் பிறகு சிலிண்டரில் போட்டால் இன்னும் மோசம். மஞ்சள் தீ எழும்பும், பாத்திரமெல்லாம் கரி. கேஸ் கம்பெனி ஆளை வைத்தே மாற்றுங்கள்.

இன்னொன்று. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். பைப் வாயு லேசு, கூரையில் சேரும். இங்கே சமையலறை ஜன்னலைக் கண்ணாடி போட்டு முழுக்க மூடிவிடுகிறார்கள். மேலே ஒரு திறப்பு இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே பாருங்கள். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் மீட்டர் பக்கத்து வால்வைத் திருப்பி மூடுங்கள்.

மாமனாரின் மனநிம்மதிக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வையுங்கள். 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் இழுக்கும். பழைய கட்டடங்களின் 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும், 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். ஒரு சிலிண்டர் சமையலை அதில் செய்ய 140 யூனிட் போல ஆகும். இரும்பு தோசைக்கல் ஒத்துவரும், அலுமினிய இட்லிக் கொப்பரை ஒத்துவராது. ஈயச்சொம்பு ரசம் எப்போதும் கேஸில்தான்.