13 வயது மகளை ஐந்து வாரக் கோடைக்காலத் தீவிர பாலே பயிற்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி: சிறு வயது முதல் பாலே கற்றுவரும் என் 13 வயது மகளுக்கு, ஒரு பெரிய பள்ளி நடத்தும் ஐந்து வாரக் கோடைக்காலத் தீவிரப் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்க வேண்டும். அங்கே என்ன நடக்கும்? அவளுடைய ஆட்டம் உண்மையில் மேம்படுமா?

பதில்:

அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஆனால், ஆட்டம் மேம்படும் என்ற எதிர்பார்ப்பைச் சற்றுத் திருத்திக்கொண்டு அனுப்புங்கள். ஐந்து வாரத்தில் ஒரு சிறுமியின் உடல் மாறிவிடாது. இடுப்பு மூட்டிலிருந்து கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிறுத்தும் கட்டுப்பாடு, பாதத்தின் வலிமை, குதிப்பின் உயரம் ஆகிய மூன்றும் ஆண்டுக்கணக்கில் சேர்பவை. அங்கே மாறக்கூடியது, ஒரு வகுப்புக்குள் அவள் வேலை செய்யும் விதம். அந்த மாற்றம் நிகழ வேண்டுமானால், அவளுடைய உடல் ஐந்து வாரத்தையும் காயமின்றித் தாங்க வேண்டும். பதின்ம வயதில் இத்தகைய பயிற்சிகளில் மாணவியாகவும், பின்னர் ஒன்றில் மாணவியர் விடுதியின் பொறுப்பாளராகவும் இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வகுப்பறையில் தெரியாத பல விஷயங்கள் விடுதியில் இரவு நேரத்தில்தான் தெரியவந்தன.

முதல் நாள் பெரும்பாலும் நிலை பிரிக்கும் வகுப்புடன் தொடங்கும். மாணவர்களின் உடையில் எண் குத்தியிருக்கும். ஆசிரியர்கள் சுவரோரம் அமர்ந்து குறிப்பெடுப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிற லியோடார்ட் (உடலை ஒட்டிய பயிற்சி உடை) எனப் பல பள்ளிகள் பிரித்துவிடுவதால், யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது உணவுக்கூடம் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு வழக்கமான நாளில் காலை ஒன்றரை மணி நேர நுட்ப வகுப்பு, அதைத் தொடர்ந்து கால்விரல் நுனியில் நின்று ஆடும் பாய்ன்ட் வகுப்பு அல்லது தனி ஆட்ட வகுப்பு, உணவுக்குப் பின் ஏற்கெனவே அரங்கேறிய படைப்புகளிலிருந்து ஒரு பகுதியைக் கற்கும் வகுப்பு, அதன் பிறகு நவீன நடனமோ ஐரோப்பிய நாட்டுப்புறச் சாயல் கொண்ட கேரக்டர் நடனமோ உடற்பயிற்சியோ இருக்கும். மூத்த நிலைகளில் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் பா து து வகுப்பும் உண்டு. மொத்தத்தில் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரம், வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள் ஆட வேண்டியிருக்கும்.

முதல் வாரத்தில் உங்கள் மகளைத் திகைக்க வைக்கப்போவது வேகம்தான். பழகிய ஆசிரியர் ஒரு அடவுத் தொடரை இரண்டு, மூன்று முறை ஆடிக் காட்டுவார். மாணவியின் பலவீனம் தெரிந்து அதற்கேற்பக் காத்திருப்பார். புதிய ஆசிரியரோ பிரெஞ்சுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே கையால் ஒரு முறை குறித்துக் காட்டுவார். உடனே பியானோ ஒலிக்கத் தொடங்கிவிடும். வலப்பக்கம் கற்றதை இடப்பக்கம் தானாகவே ஆட வேண்டும். பின்னோக்கித் திருப்பியும் ஆடச் சொல்வார்கள். கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும் இந்தத் திறமைதான் நடனக் குழுக்களில் வேலை பெற்றுத் தருவது. எனினும் பழகிய சிறு வகுப்பில் அது வளர வாய்ப்பு குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு கோடையைச் செலவழிக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, பள்ளிக்குப் பள்ளி மாறும் பாணி. ரஷ்யாவின் அக்ரிப்பினா வாகனோவா வகுத்த முறையில், ஒற்றைக்காலில் நின்று மறுகாலைப் பின்னே நீட்டும் அரபெஸ்க் நிலைகள் நான்கு உண்டு. இத்தாலியரான என்ரிக்கோ செக்கெட்டியின் முறையில் ஐந்து உண்டு. ஆகவே ‘மூன்றாவது அரபெஸ்க்’ என்று ஆசிரியர் சொன்னால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மாணவியர் வெவ்வேறு வடிவத்தில் நிற்கக்கூடும். மடக்கிய காலைச் சட்டென நீட்டும் ஃபிராப்பே என்ற அடவில் சில பள்ளிகள் மடக்கிய பாதத்தின் முன்பகுதி தரையை உரசி அடித்துச் செல்ல வேண்டும் என்கின்றன. ரஷ்ய முறையிலோ, எதிர்க்காலின் கணுக்காலை அணைத்திருந்த பாதம் தரையில் அடிக்காமலேயே நேராகப் பாயும். நியூயார்க்கில் ஜார்ஜ் பாலஞ்சினும் லிங்கன் கர்ஸ்டைனும் 1934-இல் தொடங்கிய ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலேயின் வழிவந்தவர்கள், பிருவெத் சுழற்சிக்கு ஆயத்தமாகும்போது பின்காலை நேராக நீட்டி நிற்கச் சொல்வார்கள். வேறு இடங்களில் இரண்டு முழங்காலும் மடங்கியிருக்க வேண்டும். ‘எங்கள் ஆசிரியர் இப்படிச் சொல்லவில்லையே’ என்ற குழப்பம் எல்லா மாணவியருக்கும் வரும். அங்கே இருக்கும் வரை அங்குள்ளவர் சொல்வதை முழு மனதுடன் செய்து பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி அனுப்புங்கள். பாதி மனதுடன் செய்பவர்களை ஆசிரியர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். அவர்களைத் திருத்துவதையும் மெல்ல நிறுத்திவிடுகிறார்கள்.

திருத்தம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஒருத்திக்கென்று தனியாகக் கிடைக்கும் திருத்தங்கள் ஒரு நாளில் ஒன்றோ இரண்டோதான். அடுத்தவளிடம் சொல்லப்பட்டதையும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அந்தக் கணமே முயன்று பார்ப்பவள்தான் அதிகம் கற்கிறாள். அன்றன்று இரவில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கமும் நல்லது. எழுதாவிட்டால் பாதிக்கு மேல் மறந்துபோகும்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறேன். ஊரில் வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஆடிக்கொண்டிருந்த பெண், திடீரென்று இருபத்தைந்து, முப்பது மணி நேரம் ஆடத் தொடங்குகிறாள். தசைகள் இரண்டு வாரத்தில் ஓரளவு பழகிக்கொள்கின்றன, எலும்புகள் அப்படியல்ல. சுமை கூடும்போது உடல் பழைய எலும்பை முதலில் அரித்து, அதன் பிறகே புதிய எலும்பைப் படியவைக்கிறது. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். படிய மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு வலுவிழந்திருப்பதால் விரிசல் விழும் வாய்ப்பு கூடுகிறது. நடனக் கலைஞர்களிடம் பாதத்தில் இரண்டாவது விரலையொட்டிய நீளெலும்பின் அடிப்பகுதியில் இத்தகைய விரிசல் ஏற்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. உற்சாகத்தில் முதல் இரண்டு வாரங்களைக் கடந்துவிட்டு மூன்றாவது வாரத்தில் நொண்டிக்கொண்டு படியேறும் மாணவியரை விடுதியில் நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் வலியை ஆசிரியரிடம் மறைத்தார்கள். பயிற்சியின் முடிவில் நடக்கும் நிகழ்ச்சியில் தமக்குக் கிடைத்த பாத்திரம் கைநழுவிவிடுமோ என்ற அச்சமே காரணம்.

13 வயது என்பது இதில் கூடுதல் கவனம் வேண்டிய பருவம். உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் எலும்பு முன்னே ஓட, தசையும் தசைநாரும் பின்தங்குகின்றன, நெகிழ்வு குறைகிறது, நேற்று வந்த சுழற்சி இன்று வருவதில்லை. இது அவளுடைய திறமைக் குறைவன்று என்பதை அவளுக்குப் புரியவையுங்கள். பயிற்சி தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பிருந்தே ஆடும் நேரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டு வருவது, காயத்தைத் தவிர்க்க நானறிந்த சிறந்த வழி. குறிப்பாகப் பாய்ன்ட் நேரத்தையும், ஒற்றைக்காலில் எழும்பி இறங்கும் கணுக்கால் பயிற்சியையும் முன்பே கூட்டிக்கொள்ள வேண்டும். ஆடி முடித்து உடல் சூடு தணிந்த பின்னும் ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, இரவில் விழிக்கவைக்கும் வலி, பாய்ன்டில் எழும்போது குதிகாலின் பின்புறம் நெரிபடுவது போன்ற வலி ஆகியவை சாதாரணத் தசைவலிகள் அல்ல. அன்றே சொல்ல வேண்டியவை. அந்தப் பள்ளியில் பிசியோதெரபி நிபுணர் தினமும் இருப்பாரா என்று இப்போதே கேளுங்கள். ஆசிரியர் பட்டியலில் உள்ள புகழ்பெற்ற பெயர்களைவிட இந்தக் கேள்விக்கான பதிலுக்கு நான் அதிக மதிப்பளிப்பேன்.

உணவும் இதோடு சேர்ந்ததே. செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாதபோது எலும்பு, ஹார்மோன், மனநிலை என எல்லாமே பாதிக்கப்படுகின்றன என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கை விளையாட்டு வீரர்கள் அனைவருக்கும் பொதுவாக எடுத்துரைத்தது. பாலே மாணவியருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். நாள் முழுவதும் கண்ணாடி முன் நிற்கும் இடத்தில், ஒருத்தி உணவைக் குறைத்தால் அந்த மேசை முழுவதும் குறைக்கத் தொடங்கும். வழக்கமாக வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றுபோனால் அதை உழைப்பின் அடையாளமாக எவரும் பாராட்டக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் பேசும்போது எடையைப் பற்றி நீங்களும் ஒரு சொல்கூடக் கேட்காதீர்கள்.

காலணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாய்ன்ட் காலணியின் முன்கூடு பெரும்பாலும் துணியும் காகிதமும் பசையும் கொண்டு அடுக்கப்பட்டது. வியர்வை பட்டால் இளகும், முழுதாக உலர ஒரு நாளாவது வேண்டும். எனவே குறைந்தது இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணியவேண்டும். தையல் ஊசி, கெட்டி நூல், ரிப்பன், எலாஸ்டிக் ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். தானே தைக்கக் கற்றுக்கொண்டு போகட்டும். கால் பழகிய அதே வகை, அதே அளவுதான் வேண்டும். அங்கு எல்லோரும் அணிகிறார்கள் என்பதற்காகப் பயிற்சியின் நடுவில் வேறு வகைக்கு மாறுவது நல்லதன்று.

நிலைப் பிரிப்பு பெற்றோரை மாணவியரைவிட அதிகம் வருத்துகிறது. எதிர்பார்த்ததைவிடக் கீழ் நிலையில் போட்டிருந்தால் பள்ளிக்குத் தொலைபேசி செய்து வாதாட வேண்டாம். நிலைகள் திறமையால் மட்டும் பிரிக்கப்படுவதில்லை. பாய்ன்டில் எத்தனை ஆண்டு அனுபவம், கணுக்கால் எவ்வளவு வலிமை, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் நிற்க இடமுண்டு என்பனவும் சேர்ந்தே முடிவாகின்றன. மேல் நிலையில் கடைசி வரிசையில் தடுமாறி நிற்பவளைவிட, கீழ் நிலையில் முன்வரிசையில் நின்று ஆடுபவளுக்கு ஆசிரியரின் கவனம் கூடுதலாகக் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் வகுப்பில் முதலாவதாக இருந்தவர்கள் மட்டுமே கூடும் இடம் அது. அங்கு நடுவில் இருப்பது இழுக்கன்று.

வீட்டு ஏக்கம் முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும். இரவு அழைத்து ‘கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று அழுதவர்களில் பலர் இரண்டாம் வார இறுதியில் அழைக்கவே மறந்துவிட்டார்கள். அழுகை தொடர்ந்தாலோ, உணவும் உறக்கமும் குலைந்தாலோ, விடுதிப் பொறுப்பாளரிடம் நேரடியாகப் பேசுங்கள்; அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

பலர் வெளிப்படையாகப் பேசாத ஒரு விஷயமும் உண்டு. பெரிய பள்ளிகளின் கோடைப் பயிற்சி, ஆண்டு முழுவதும் நடக்கும் தங்கள் பயிற்சிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட தேர்வாகவும் அமைகிறது. சில மணி நேரத் தேர்வில் தெரியாததெல்லாம் ஐந்து வாரத்தில் தெரிந்துவிடும்: திருத்தத்தை அடுத்த நாளும் நினைவில் வைத்திருக்கிறாளா, களைத்த பிற்பகலில் எப்படி நடந்துகொள்கிறாள், உடல் தாங்குகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். இதை அவளிடம் அழுத்திச் சொல்லிப் பதற்றப்படுத்த வேண்டாம். நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும். அந்த ஆண்டுப் பயிற்சிக்கு அழைப்பு வராவிட்டால் அதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. இடங்கள் மிகச் சில, அடுத்த கோடையில் வேறு பள்ளி வேறு கண்ணோடு பார்க்கும்.

அழைப்பு வந்துவிட்டால் அன்றைக்கே ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கமான பள்ளிப் படிப்பு எங்கே, எப்படித் தொடரும், விடுதியில் அவளுடைய வயதை ஒத்தவர்கள் எத்தனை பேர், ஆண்டு இறுதியில் மாணவர்களை மறுமதிப்பீடு செய்து வெளியேற்றும் வழக்கம் உண்டா, காயம்பட்டால் இடம் காக்கப்படுமா ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எப்படியானாலும் திரும்பி வந்ததும் ஒன்று, இரண்டு வாரம் முழு ஓய்வு கொடுத்து, அதன் பிறகு அந்தக் குறிப்பேட்டுடன் அவளை இப்போதைய ஆசிரியரிடம் அனுப்புங்கள். அவளை இத்தனை ஆண்டு பார்த்துவந்த அவரிடம் கலந்துபேசிய பிறகு அழைப்புக்குப் பதில் எழுதலாம். பள்ளிகள் பொதுவாக அதற்கு அவகாசம் தருகின்றன.