திருச்சி - யாழ்ப்பாணம்: 184 கி.மீ.க்கு ஒரு மணி நேரமா?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போகக் கணக்குப் போட்டால் 15 நிமிடம்தான் வருகிறது, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டில் இருப்பதுதான் சரி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்கும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் 184 கி.மீ. சொச்சம்தான், அதில் தவறில்லை. ஆனால் உங்களுக்கு வந்த 15 நிமிடக் கணக்கு ஜெட் வேகத்தை வைத்துப் போட்டதாக இருக்கும். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுற்றும், வால்பக்கப் படியில் ஏறுகிற விமானம். நல்ல வேகத்தில் போனாலே மணிக்கு 500 கி.மீ. பக்கம்தான், அதையும் ஏறி முடித்த பிறகுதான் எட்டும், எட்டிய கொஞ்ச நேரத்தில் பாக் நீரிணை தெரியும், இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம், டிக்கெட் நேரம் என்பது சக்கரம் நகர்வதிலிருந்து நிற்கும் வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி.

சந்தேகம் இருந்தால், விமானத்தைப் பின்தொடரும் ஏதாவது ஒரு செயலியில் நேற்றைய பயணத்தை எடுத்து, தரைவிட்ட நேரத்தையும் தரைதொட்ட நேரத்தையும் மட்டும் கழித்துப் பாருங்கள். 99 என்று தூரம் வந்தால் குழம்ப வேண்டாம், அது கடல் மைல்.

நேர வித்தியாசம் கிடையாது, 2006 முதல் இரண்டு பக்கமும் ஒரே கடிகாரம்தான்.

ஒன்று மட்டும்: தூரம் குறைவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியகல்வு வரிசை எல்லாம் உண்டு, பறக்கும் நேரத்தைவிட அதற்குத்தான் அதிகம் ஆகும்.